கட்டிஹங்க் பாறைகளும் இரைதூவிகளும்

'நூல்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் இருப்பதன் சுவையை அண்மையில் ஒருமுறை முழுமையாக உணர்ந்தோம். தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிய பழைய அமெரிக்க நூல்கள் சிலவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 'கட்டிஹங்க்' என்றொரு சொல் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கிட்டது. ஒன்பது இழைக் கட்டிஹங்க், பன்னிரண்டு இழைக் கட்டிஹங்க், இருபத்து நான்கு இழைக் கட்டிஹங்க் என்று நீண்டது பட்டியல். ஆளி நாரிலிருந்து முறுக்கப்பட்ட தூண்டில் நூலின் பெயர் அது. நனைந்த நிலையில் இழை ஒன்றுக்கு 3 பவுண்டு தாங்கும் என்பது கணக்கு. பன்னிரண்டு இழை என்றால் 36 பவுண்டு. நைலான் வருவதற்கு முன் கடல் தூண்டிற்காரர்கள் அனைவரும் அறிந்திருந்த சரக்கு. ஏதோ ஒரு நூற்பாலையின் பெயராக இருக்கும் என்றே முதலில் எண்ணினோம். அது ஒரு தீவின் பெயர் என்பது பின்னரே தெரிந்தது. அத்தீவின் கதையைத் தேடிச் சென்றபோது கிடைத்தவற்றையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் தெற்குக் கரைக்கு அப்பால் எலிசபெத் தீவுகள் என்றொரு தீவு வரிசை உண்டு. வரிசையின் மேற்குக் கோடியில், பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவின் வாயிலைக் காவல் காப்பதுபோல் கிடக்கிறது கட்டிஹங்க். நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர். காலாற நடந்தால் ஒரு காலைப் பொழுதுக்குள் சுற்றிவிடக்கூடிய சிறிய தீவு. வாம்பனோக் பழங்குடியினர் வழங்கிய ஒரு நீண்ட பெயர் தேய்ந்து இன்றைய வடிவுக்கு வந்தது என்பர். 1602இல் பார்த்தலோமியூ கோஸ்னால்டு என்ற ஆங்கிலேய மாலுமி இங்கு ஒரு சிறு கோட்டையைக் கட்டிச் சில வாரங்கள் தங்கிவிட்டு ஊர் திரும்பினார். பிளிமத்தில் யாத்ரீகர்கள் கால் வைப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. அவர் பெயரால் அமைந்த கோஸ்னால்டு நகரம்தான் இன்றும் அத்தீவுகளின் ஆட்சிப் பிரிவு. 'நகரம்' என்ற சொல்லைக் கண்டு மலைக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 70.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவினருக்கு இரண்டு தொழில்கள் இருந்தன. ஒன்று மீன்பிடிப்பு. மற்றொன்று வழிகாட்டுதல். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் நெடும்பயணம் முடித்து நியூ பெட்ஃபோர்டுக்குத் திரும்புகையில், தீவின் முனையில் 'பன்றியும் குட்டிகளும்' என்ற பெயரோடு நீருக்குள் பதுங்கியிருக்கும் பாறைத்தொடரைத் தாண்டியாக வேண்டும். அந்தப் பாறைகளின் போக்கறிந்த கட்டிஹங்க் ஆடவர் படகேறிச் சென்று கப்பல்களைக் கரை சேர்த்தனர். எந்தப் பாறை எந்த ஏற்றத்தில் மூழ்கும், எந்தக் காற்றுக்கு எங்கே அலை உடையும் என்ற அறிவு அவர்களுக்குத் தலைமுறைச் சொத்து. அதே அறிவுக்கு வேறொரு வகை வாடிக்கையாளர் விரைவில் வந்து சேர்ந்தனர்.

அவர்களை இழுத்து வந்தது ஸ்டிரைப்டு பாஸ் என்ற மீன். நம்மூர் கொடுவாயைக் கண்டவர்கள் அதன் உருவத்தை ஓரளவு கற்பனை செய்துகொள்ளலாம்: அதே பெரிய வாய், அதே வெள்ளி உடல், ஆனால் பக்கவாட்டில் ஏழெட்டுக் கரிய கோடுகள் தலையிலிருந்து வால் வரை ஓடும். ஆகவே இக்கட்டுரையில் 'வரிமீன்' என்றே அழைப்போம். வசந்தத்தில் ஆறுகளில் ஏறி முட்டையிட்டு, பின் கடலோரமாகவே வடக்கு நோக்கி வந்து, கோடை முழுதும் நியூ இங்கிலாந்தின் பாறைக் கரைகளில் மேயும் மீன் இது. பெரிய வரிமீனுக்குப் பிடித்த இடம் அலை உடைந்து வெண்ணுரையாகும் அலைவாய். நண்டும் சிங்கி இறாலும் பாறையிடுக்குகளிலிருந்து அங்குதான் புரட்டி எறியப்படும். படகு நெருங்க அஞ்சும் அவ்விடத்துக்கு மீன் வருகிறது. ஆகவே தூண்டிற்காரன் கரையில் நின்றுதான் அதைப் பிடித்தாக வேண்டும்.

1864இல், உள்நாட்டுப் போர் இன்னும் முடியாத வேளையில், நியூயார்க்கின் செல்வர்கள் சிலர் சேர்ந்து கட்டிஹங்க் மீன்பிடிக் கழகத்தைத் தொடங்கினர். கோஸ்னால்டு தனி நகரமாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அண்மையில் இருந்த பாஸ்க் தீவிலும், மார்த்தாஸ் வினியார்டின் ஸ்குவிப்நாக்கெட்டிலும், ரோட் ஐலண்டின் மேற்குத் தீவிலும் இதே வகைக் கழகங்கள் அக்காலத்தில் நடந்தன. வங்கியாளர்களும் ஆலை முதலாளிகளும் கோடைக்கு இங்கே வந்து தங்கினர். குரோவர் கிளீவ்லாந்து போன்ற குடியரசுத் தலைவர்களும் வந்து சென்றதாகக் கழக மரபு சொல்லும். அவரது கோடை இல்லம் அதே விரிகுடாவின் மேல்கோடியில்தான் இருந்தது. தூண்டிலில் அவருக்கிருந்த பித்தும் ஊரறிந்தது. ஆகவே நம்புவதற்குத் தடையில்லை.

கழகத்தார் செய்த முதல் வேலை பாறைகளில் துளையிட்டதுதான். கரையிலிருந்து விலகி அலைக்குள் நிற்கும் பெரும் பாறைகளில் இரும்புக் கம்பிகளை நட்டு, அவற்றின் மேல் குறுகிய பலகைகளைப் பரப்பி, கரையிலிருந்து நீளும் பாலம் போன்ற ஒன்றை அமைத்தனர். அதன் கடைசியில் ஒருவர் அமரவோ நிற்கவோ இடம். கீழே நுரைத்துக் குமுறும் கடல். 'பாஸ் ஸ்டாண்டு' என்பது அதன் பெயர். நாம் 'மீன்மேடை' என்போம். தீவைச் சுற்றி இப்படி இருபதுக்கும் மேற்பட்ட மேடைகள் இருந்தன. எல்லா மேடையும் எல்லா நாளும் ஒன்றாக இருக்காது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப நல்ல மேடை நாள்தோறும் மாறும். செல்வர்களுக்கிடையே சண்டை மூளாதிருக்க, மறுநாள் யாருக்கு எந்த மேடை என்பதை முந்தைய இரவே குலுக்கல் போட்டு முடிவு செய்தனர்.

இனித்தான் நம் கட்டுரையின் நாயகர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு உறுப்பினருடனும் மேடைக்கு ஒரு கூலியாள் சென்றார். ஆங்கிலத்தில் அவரைச் 'சம்மர்' என்றனர். கோடைகாலம் என்று எண்ணிவிட வேண்டாம். 'சம்' என்றால் மீனைக் கவர நீரில் எறியப்படும் துண்டு இரை. அதை எறிபவரை 'இரைதூவி' என்றழைப்பதே நமக்கு வசதி. பெரும்பாலும் தீவைச் சேர்ந்த ஆடவர், சில வேளை பதின்வயதுச் சிறுவர். பணம் கொடுத்து வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு கரையிலிருந்து கடல்மீன் பிடிக்கும் வழக்கத்துக்கு நமக்குக் கிடைக்கும் பழைய, விரிவான சித்திரங்களுள் இதுவும் ஒன்று. ஜெனியோ ஸ்காட் 1869இல் வெளியிட்ட நூலும், ஃபிரான்சிஸ் எண்டிகாட் 1880இல் 'ஸ்கிரிப்னர்ஸ் மன்த்லி' இதழில் எழுதிய கட்டுரையும் அக்கால வரிமீன் வேட்டையைக் கண்முன் நிறுத்துகின்றன.

விடிவதற்கு முன்னரே நாள் தொடங்கிவிடும். இருளில் விளக்கொளியில், இரைக் கூடையும் கொக்கிக் கழியும் சுமந்து இரைதூவி முன்னே நடக்க, நீண்ட காலணியோடு கனவான் பின்தொடர்வார். கூடையில் இருப்பது சிங்கி இறால். நம் மன்னார்க் கடலின் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது; அட்லாண்டிக்கின் இறாலுக்கோ கையளவு பருமனில் இரண்டு கொடுக்குகள். இன்று விருந்து மேசையில் பெருவிலை பெறும் அந்த இறாலின் வாலை உரித்து, வெண்சதையைத் தூண்டில் முள்ளில் கோப்பது இரைதூவியின் முதல் வேலை. அலையில் கழன்றுவிடாமலும் முள்ளின் முனை மறைந்துவிடாமலும் கோக்க வேண்டும். மீதமுள்ள தலையும் கொடுக்கும் நசுக்கப்பட்டுக் கடலுக்குள் போகும். இறால் போதாதபோது மென்ஹேடன் என்ற மீனை நறுக்கித் தூவுவர். நம் மத்தியின் உறவினமான அது எண்ணெய் மிகுந்தது. அதன் எண்ணெய் நீரோட்டத்தோடு வழுவழுப்பான பாதையாக விரிந்து செல்லும். அப்பாதையின் மறுகோடியில் நீந்தும் வரிமீன் மணம் பிடித்து மேடையை நோக்கி வரும்.

கேட்பதற்கு எளிதான வேலை. ஆனால் எங்கே எறிவது, எவ்வளவு எறிவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதிகம் எறிந்தால் மீன் இலவச விருந்துண்டு திரும்பிவிடும். குறைத்தால் வரவே வராது. ஓட்டம் திரும்பினால் தூவும் இடமும் திரும்ப வேண்டும். வெண்ணுரைக்குள் ஒரு கணம் புரளும் செம்பு நிறப் பளபளப்பைப் பார்த்து, அது பாசியா மீனா என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே கனவானின் பங்கு. எட்டு ஒன்பது அடி நீளமுள்ள மூங்கில் கோல், வெண்கலவையில் செய்த ரீல், கட்டிஹங்க் நூல். வீசும்போது ரீலைக் கட்டைவிரலால் அமுக்கி அடக்கத் தெரியாவிட்டால் நூல் ஒரு குருவிக் கூடாகிவிடும். இன்றைய ரீல்களில் உள்ள இழுவைத் தடை அன்று கிடையாது. மீன் ஓடும் வேகத்தில் சுழலும் நூலைத் தோலுறை அணிந்த கட்டைவிரலே அழுத்தித் தடுத்தது. உறை இல்லாவிட்டால் விரல் வெந்துவிடும். முப்பது நாற்பது பவுண்டு மீன் பாறைகளுக்கிடையே பாய்ந்து நூலைச் சிப்பிகளின் விளிம்பில் தேய்த்து அறுக்கப் பார்க்கும். அதனோடு கால் மணியோ அரை மணியோ போராடுவது உண்மையிலேயே திறமைக்குரிய செயல். கனவானின் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று.

ஆயினும் கடைசிக் கட்டம் மீண்டும் இரைதூவியுடையது. களைத்த மீனைத் தூக்கி மேலே கொணர மெல்லிய நூலுக்கு வலுவில்லை. கொக்கிக் கழியுடன் பாசி வழுக்கும் பாறையில் இறங்கி, ஓர் அலை பின்வாங்கி அடுத்தது வருவதற்குள் மீனைக் குத்தியெடுத்து மேலேறுவது அவர் வேலை. நீந்தத் தெரிந்தாலும் பயனில்லாத இடம் அது. விழுந்தவனை அலை பாறையில் அறையும். ஈரம் சொட்டச் சொட்ட அவர் மேலே வந்ததும் மீன் கழக வீட்டுக்குப் போகும். எடை பார்க்கப்பட்டு ஏட்டில் பதிவாகும். உறுப்பினரின் பெயரில்! பருவத்தின் பெரிய மீனுக்குரியவர் 'ஹை ஹுக்' என்ற சிறப்பைப் பெற்றார். நாம் தேடிப் பார்த்த வரையில் உறுப்பினர்களின் பெயர்கள், தொழில்கள், சொத்துகள்கூடக் கிடைக்கின்றன. அவர்களுக்காகப் பாறையில் இறங்கியவர்களின் பெயர்கள் அரிதாகவே தென்படுகின்றன. நெய்தல் நிலத்துப் பரதவரையும் அவர்தம் தூண்டிலையும் வலையையும் பாடிவைத்த மொழியில் பழகியவர்களுக்கு இந்த மௌனம் சற்று உறுத்தவே செய்யும்.

இவ்வாறு செல்வர்கள் எழுதிவைத்த அதே ஏடு பின்னாளில் யாரும் எதிர்பாராத வகையில் பயன்பட்டது. அதைச் சொல்லுமுன் மீனுக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும்.

வரிமீன் வற்றாது என்று அமெரிக்கர்கள் என்றுமே நம்பியதில்லை என்பதுதான் வியப்பு. 1639இலேயே மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் மன்றம், வரிமீனையும் காட் மீனையும் வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று தடை விதித்தது. 1670இல் பிளிமத் குடியேற்றம் கேப் காடின் வரிமீன், கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் மீன்பிடிப்பிலிருந்து கிடைத்த வருவாயை ஓர் இலவசப் பள்ளிக்கு ஒதுக்கியது. மீன் காசில் பள்ளி! இவ்வளவு முன்யோசனை இருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரிமீன் ஆண்டுக்காண்டு குறைந்தது. கழகத்தார் விரலை நீட்டியது வலைக்காரர்களை நோக்கி. அதில் உண்மை இல்லாமலில்லை. நீராவிக் கப்பல்கள் சுருக்குவலையால் மென்ஹேடன் கூட்டங்களை வளைத்து, எண்ணெய்க்கும் உரத்துக்குமாக ஆலைகளுக்கு அள்ளிச் சென்ற காலம் அது.

1886இல் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றம் பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவில் அத்தகைய வலைகளைத் தடை செய்தது. 1889 கோடையில் ரோட் ஐலண்டைச் சேர்ந்த மான்செஸ்டர் என்ற மீனவர் அங்கு மென்ஹேடன் பிடித்து வழக்கில் சிக்கினார். விரிகுடா மாநிலத்துக்குச் சொந்தமா, கூட்டாட்சிக்கா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1891இல் தீர்ப்பு மாசச்சூசெட்ஸுக்குச் சார்பாக வந்தது. விரிகுடாவின் வாயை அளக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட இரு முனைகளில் ஒன்று வெஸ்ட்போர்ட். மற்றொன்று நம் கட்டிஹங்க். இடைவெளி ஒரு கடல் லீகுக்கு மேல், இரண்டுக்குக் குறைவு. தூண்டிற்காரர்களின் சிறு தீவு சட்ட நூல்களில் இடம்பெற்றது இப்படித்தான். இடைச்செருகலாக ஒன்று: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் சங்குப் படுகைத் திருட்டு வழக்கில், பாக் விரிகுடா அரசின் எல்லைக்குட்பட்டதா என்ற இதே வகைக் கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றமும் ஆராய நேர்ந்தது. அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

வலைகள் போனபின்னும் வரிமீன் திரும்பவில்லை. காரணம் பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவில் இல்லை. கட்டிஹங்க் பாறைகளுக்கு வந்த மீன்களில் பெரும்பகுதி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, செசபீக் விரிகுடாவின் ஆறுகளில் பிறந்தவை என்பது பின்னாளில் துலங்கியது. அணைகளும் கழிவுநீரும் அளவற்ற பிடிப்பும் பல ஆறுகளில் முட்டையிடும் இடங்களைப் பாழாக்கியிருந்தன. போதாக்குறைக்கு, சில ஆண்டுகளில் மட்டுமே குஞ்சுகள் பெருவாரியாகப் பிழைப்பது இம்மீனின் இயல்பு. மேடையில் நின்ற கனவானுக்கும் இது தெரியாது; அவருக்குக் கடலைப் படித்துக்காட்டிய இரைதூவிக்கும் தெரிந்திருக்க வழியில்லை. கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது மீன் வரவில்லை என்பது மட்டுமே.

அந்த வராமையை நாள்தோறும் எழுதி வைத்ததுதான் கழகத்தின் பெருந்தொண்டு என்று நமக்குப் படுகிறது. டேனியல் மெர்ரிமன் என்ற உயிரியலாளர் 1941இல் வரிமீனைப் பற்றிய தம் பேராய்வை வெளியிட்டபோது, பழங்காலத்து மீன்வளத்தை அறியக் கட்டிஹங்க் முதலிய கழகங்களின் ஏடுகளை எடுத்துக்கொண்டார். கட்டிஹங்க் பதிவுகள் 1865இல் தொடங்கி 1907இல் முடிகின்றன. 1860களில் கொழுத்திருந்த எண்ணிக்கை நூற்றாண்டின் இறுதியில் மெலிந்து ஒன்றுமில்லாமல் போவதை அவை காட்டின. தற்பெருமைக்காக எழுதப்பட்ட கணக்கு அறிவியலுக்கு ஆவணமாயிற்று. ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஓர் இரைதூவியின் காலைப் பொழுதும் இருக்கிறது என்பதை மெர்ரிமனின் வரைபடத்தைப் பார்க்கும்போது நாம் நினைத்துக்கொண்டோம்.

கழகத்தின் கடைசி அத்தியாயம் ஒரு புதினத்துக்குரியது. அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த ஒரு போர்த்துக்கீசியக் கடலோடியின் மகனாக 1858இல் மார்த்தாஸ் வினியார்டில் பிறந்தவர் வில்லியம் மேடிசன் உட். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, நியூ பெட்ஃபோர்டின் பருத்தி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் அமெரிக்கன் உல்லன் கம்பெனியின் தலைவராகி நாட்டின் பெரும் செல்வர்களுள் ஒருவரானார். 1912இல் லாரன்ஸ் நகரில் கூலிக் குறைப்பை எதிர்த்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைத் தொழிலாளர் நடத்திய புகழ்பெற்ற வேலைநிறுத்தம் முதன்மையாக இவரது ஆலைகளை எதிர்த்தே நடந்தது. கட்டிஹங்க் கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்த இவர், 1920களின் தொடக்கத்தில் கழக வீட்டையும் தீவின் பெரும்பகுதியையும் விலைக்கு வாங்கினார். பிறப்பால் இரைதூவியாகப் பாறையில் இறங்கியிருக்க வேண்டியவர் மேடைகளுக்கே உடைமையாளரானார். கூலியாட்களின் பார்வையிலிருந்து அவர் உலகை நோக்கினாரா என்றால், லாரன்ஸின் வரலாறு அதற்குச் சாதகமாக இல்லை. 1926இல் தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

மீன் பின்னர் திரும்பி வந்தது. 1934இல் பிறந்த பெருங்கூட்டம் ஒன்று மீண்டும் கரைகளை நிரப்பியது. 1970களில் மறுபடியும் சரிவு. 1984இல் கூட்டாட்சிச் சட்டம். 1985இலிருந்து ஐந்தாண்டுகளுக்கு மேரிலாந்தில் முழுத் தடை. 1995இல் மீட்சி அறிவிப்பு. 2019இல் மீண்டும் எச்சரிக்கை. இந்த ஏற்ற இறக்கத்தை விரித்தால் இக்கட்டுரை முடியாது. கட்டிஹங்க் மட்டும் பெரிய மீனின் ஊர் என்ற பெயரை இழக்கவில்லை. 1913இல் சார்லஸ் சர்ச் என்பவர் அண்டைத் தீவுகளுக்கிடையிலான நீரோட்டத்தில் 73 பவுண்டு, அதாவது 33 கிலோ எடையுள்ள வரிமீனைப் பிடித்தார். பல்லாண்டு உலகச் சாதனையாக நின்ற அது கரை மேடையில் கிடைத்ததன்று, படகில் கிடைத்தது. 1967இல் 'பன்றியும் குட்டிகளும்' பாறையருகே சார்லஸ் சிண்டோ அதே எடையில் இன்னொன்றைப் பிடித்தார். இம்முறை அவரை அழைத்துச் சென்ற படகுத் தலைவரின் பெயரும் சேர்த்தே அக்கதை சொல்லப்படுகிறது. 1982இல் அட்லாண்டிக் சிட்டியின் கல்லணையில் நின்று 78½ பவுண்டு மீனைப் பிடித்து ஆல் மக்ரேனால்ட்ஸ் சாதனையை மீண்டும் கரைக்குக் கொண்டுவந்தார்.

இன்று வினியார்டிலும் மான்டாக்கிலும் இரவில் கரைத் தூண்டிலுக்கு ஆளழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் தம் பெயரிலேயே தொழில் நடத்துகிறார்கள். வாடிக்கையாளருக்கு அவர்கள் முதலில் சொல்ல வேண்டியது எதைப் பிடிக்கக் கூடாது என்பதைத்தான். 2021 முதல் உயிரிரையோ வெட்டிரையோ கோப்பவர்கள் வாயோரத்தில் மட்டும் மாட்டும் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்றாயிற்று. 2023இல் கடற்பகுதிகளில் 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று விதி இறுகியது. கழக ஏட்டில் பெருமையோடு பதிவான மீன்கள் பலவற்றை இன்று கடலிலேயே விட்டுவிட வேண்டும்.

மேடைப் பலகைகளைப் புயல்கள் எப்போதோ கொண்டுபோய்விட்டன. கழக வீடு பின்னாளில் விருந்தினர் விடுதியாயிற்று. தெற்குக் கரையில் நீர் வற்றும் வேளையில் நடப்பவர்கள், பெரும்பாறைகள் சிலவற்றின் உச்சியில் துருவேறிய இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். விளக்கோடு முன்னே நடந்தவர் கால் வைத்த பாறைகள் அவை.